எஞ்சின் யாரைப் பார்க்கிறது?

‘க்ளக்’ என்று கூடத்திலிருந்து ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஓர் ஆண் குரல், தூங்காத பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோல அத்தனை மிருதுவாக:

“கடி... மெதுவா கடி... பயப்படாதே, இன்னும் கொஞ்சம்... ம், போதும். விடு.”

சமையலறையில் எனக்குத் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். நாங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த புதிது. அவளுடைய கணவர் பல் செட் செய்பவர் என்பது வாசல் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

“யாரோ பேஷண்ட் வந்திருக்காங்க போல. சின்னப் பிள்ளையா, பாவம்?” என்று கேட்டேன்.

“பேஷண்ட்தான்க்கா. ரெண்டு வருஷமா எங்க வீட்லயே அட்மிட் ஆயிருக்கு. எந்திரிச்சு நடக்கவும் மாட்டேங்குது, ஒரேயடியா போய்ச் சேரவும் மாட்டேங்குது. வாங்க, நீங்களும் பாத்து ஒரு ஆறுதல் சொல்லிட்டுப் போங்க.”

எட்டிப் பார்த்தேன். கூடத்தின் நடுவில், சாப்பாட்டு மேசை இருந்திருக்கவேண்டிய இடத்தில், ஒரு கார் எஞ்சின் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பழைய தையல் மிஷினின் இரும்புக் கால்களை முதுகோடு முதுகு சேர்த்துப் பிணைத்து, அதன்மேல் தடித்த பலகை போட்டு, அதற்கு மேல் எஞ்சின். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் பல்லுக்காரர். அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் கழுத்தில் அளவு நாடா தொங்க இன்னொரு மனிதர். இருவர் காலடியிலும் ஆளுக்கொரு மிஷின் பெடல். யோசனை வரும்போதெல்லாம் அதை மிதிப்பார்கள். ஒன்றும் தைக்காது, யோசனை ஓடும்.

பல் அச்சு எடுக்கிற இளஞ்சிவப்பு மெழுகை உருட்டிப் பல்லுக்காரர் பிஸ்டனின் தலையில் வைத்திருந்தார். எதிரே இருந்தவர் ஸ்பேனரால் எஞ்சினை மெல்லச் சுற்ற, பிஸ்டன் மேலே ஏறியது, வால்வு கீழே இறங்கியது, மெழுகில் தடம் விழுந்தது. வேகமாக ஓடும்போது வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டால் எஞ்சினின் ஆயுள் அன்றோடு சரி. இடைவெளி போதுமா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த வழி, அதைக் கடிக்கச் சொல்வதுதான்.

நான் வந்து நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார்.

“வாங்கக்கா. மேல் வரிசையில ரெண்டாவது கடைவாய்ப் பல்லு, அடைச்சது யாரு? நல்ல வேலை.”

எங்கள் அறிமுகம் அவ்வளவுதான். அவரிடம் யாருக்கும் பெயர் கிடையாது, பல்தான் உண்டு. தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால் “அடடே, வாங்க வாங்க” என்று கட்டிப்பிடிப்பார். சிரிக்காமல் வந்தால் கூடப்பிறந்த அண்ணனையே கடந்து போய்விடுவார். போயும் இருக்கிறாராம். அண்ணன் அன்று கோபமாக இருந்தார். கோபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார். “வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்கெப்படி ஆளு தெரியும்?” என்பதுதான் இன்றுவரை அவர் தரப்பு நியாயம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வாழ்நாள் முழுக்க எதிரே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவர்களையே பார்த்ததால், எதிரே இருப்பவரின் வலதுதான் அவருக்கு வலது. தன் வலதுகை அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. “கண்ணாடி முன்னாடி நின்னா அதுல தெரியற ஆளோட வலது பக்கம் வகிடு எடுக்கறார்க்கா” என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பக்கத்து அறைதான் பட்டறை. அலமாரியில் மேல்தட்டில் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். கீழ்த்தட்டில் வால்வுகளும் ஸ்பிரிங்குகளும். இரண்டுக்கும் ஒரே மாதிரி வெள்ளை டப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் டப்பாவை வாங்கிப் போய், மறுநாள் கவலையோடு திரும்பி வந்தார். “செட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எப்படி மாட்டிக்கறதுன்னுதான் புரியல. வாயைத் திறந்தா குதிச்சு வெளிய வந்துடுது” என்றார். டப்பாவில் நாலு வால்வு ஸ்பிரிங். மனிதர் ஒரு ராத்திரி முழுக்க முயன்று பார்த்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துத்தான்.

எதிர் ஸ்டூல்காரர் தையற்காரர். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. இவர் அவரை ‘ஊசி’ என்பார். அவர் இவரை ‘பல்லு’ என்பார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் அப்படி அழைத்துக்கொள்ளும்போது அந்தக் கூடத்துக்கே அரைக்கால் சட்டை போட்டதுபோல் ஆகிவிடும்.

தையற்காரரைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவருடைய கத்திரிக்கோல். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும். கிளம்பும்போது கூடவே போகும். எஞ்சின் மூட்டுகளில் எண்ணெய் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் அட்டைகளை எல்லாம் சட்டைக் காலர் வெட்டுவதுபோல அந்தக் கத்திரியால்தான் வெட்டித் தந்தார். ஆனால் வாசற்படி இறங்குமுன் இடுப்புப் பையை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். கத்திரி இருக்கிறது என்று தெரிந்தால்தான் கால் நகரும். “பொண்டாட்டியைக்கூட அவ அம்மா வீட்ல விட்டுட்டு வந்துடலாம். கத்திரியை இன்னொருத்தர் வீட்ல விடக்கூடாது” என்பது அவருடைய சித்தாந்தம். அவர் மனைவி அப்போது அம்மா வீட்டில்தான் இருந்தாள்.

இப்படிப்பட்ட இருவருக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாப் பெருங்கதைகளையும் போல இதுவும் ஓர் அவமானத்தில்தான் தொடங்கியது.

வாசலில் உறை போர்த்தி நிற்கிறதே ஒரு குட்டிக் கார், அதில் நண்பர்கள் இருவரும் ஒரு நாள் மேட்டுச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறிக்கொண்டிருந்தார்கள் என்பதைவிட, ஏறுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் ஹாரன் சத்தம். ஒதுங்கி வழிவிட்டார்கள். முந்திக்கொண்டு போனது ஒரு சவ வண்டி. மலர்வளையத்தோடு. போகிறபோது அதன் டிரைவர் ஜன்னல் வழியே கையை நீட்டி, “ஒண்ணும் அவசரமில்ல, நீங்க நிதானமா வாங்க!” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

“உள்ள படுத்திருந்தவருக்கே எங்களைவிட அவசர வேலை இருந்திருக்குங்க” என்று தையற்காரர் இப்போதும் சொல்வார்.

அந்த நிமிடம் இரண்டு நெஞ்சுகளில் விழுந்த நெருப்பை எந்தத் தண்ணீர் அணைக்கும்? அந்த மேட்டிலேயே, ரேடியேட்டருக்கு நீர் ஊற்றியபடி, சபதம் எடுத்தார்கள். இதே காருக்குப் பறக்கிற எஞ்சின் ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டுவது. இதே மேட்டில் ஏதாவது ஒரு சவ வண்டியை முந்துவது. அதுவரை ஓயமாட்டோம். விலைக்கு ஒன்று வாங்கினால் என்ன என்று மனைவி கேட்டதற்கு, பல்லுக்காரர் துடித்துப்போனார்.

“ரெடிமேட் பல்லு எவன் வாய்க்காவது பொருந்துமா?”

“ரெடிமேட் சட்டை எவன் தோளுக்காவது நிக்குமா?” என்றார் தையற்காரர்.

பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு நாலு சிலிண்டர் எஞ்சின் வீடு வந்து சேர்ந்தது. சாப்பாட்டு மேசை படுக்கையறைக்கு ஒதுங்கியது. குடும்பம் அன்றிலிருந்து இஸ்திரி மேசையில் சாப்பிடுகிறது. நின்றுகொண்டு.

வேலை தொடங்கிய முதல் நாளே நண்பர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாலு சிலிண்டரையும் எப்படி எண்ணுவது? “பேஷண்ட்டோட வலதுலேர்ந்து ஒண்ணு” என்றார் பல்லுக்காரர். “அதானே முறை? கஸ்டமரோட வலதுலேர்ந்துதான் நானும் அளவெடுப்பேன்” என்றார் தையற்காரர். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தபடி கை குலுக்கிக்கொண்டார்கள். இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் தொடங்கினால் அங்கே விதிக்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சண்டை இல்லாமல் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதில் ஒரு மழைக்காலமே போனது. “செட்டு ஆடவே கூடாதுடா. ஆடினா ஈறு புண்ணாயிடும்” என்று இவர். “சூடானா உடம்பு பெருக்கும்டா பல்லு. வளர்ற பிள்ளைக்குத் தைக்கற மாதிரி விட்டுத் தைக்கணும்” என்று அவர். கடைசியில் எஞ்சினோடு வந்த கையேட்டைப் பார்த்தால், இருவர் சொன்னதற்கும் சரியாக நடுவில் ஓர் அளவு போட்டிருந்தது. இருவருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற துவாரங்களைப் பல் ராவுகிற கருவியால் பல்லுக்காரர் கண்ணாடிபோல் மெருகேற்றினார். வேலை முடிந்ததும் பழக்க தோஷத்தில், “வாயைக் கொப்பளிங்க” என்றார். பிஸ்டனைச் சூடாக்கி, அதன் குறுக்கே செருகுகிற ‘பின்’ என்ற இரும்பு உருளையைக் குளிரவைத்தால் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும் என்பதால், பின்கள் நாலும் ஐஸ் பெட்டியில் பட்டாணிப் பைக்கு அடியில் கிடந்தன. பிஸ்டன்கள் நாலும் பால் காய்ச்சும் பாத்திரத்தில் கொதித்தன. “ஊர்ல அவனவன் முட்டை வேகவைப்பான். என் விதி, நான் பிஸ்டன் வேகவைக்கறேன்” என்பாள் பல்லுக்காரரின் மனைவி. சொல்லிவிட்டு, “இன்னும் கொஞ்சம் வேகணுமா, போதுமா?” என்றும் கேட்பாள். அதுதான் அவள்.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? ஒரு நாள் கையில் தட்டோடு நின்றபடி சொன்னாள்: “இது முதல் தடவை முடுக்கும்போது ஓடணும். ஓடலைன்னா பழைய இரும்புக்காரர்தான். உக்காந்து சாப்பிட்டு ரெண்டு வருஷமாச்சு எனக்கு.”

அந்த முதல் தடவையும் வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மின்விசிறிக் கொக்கியிலிருந்து குளுக்கோஸ் பாட்டில்போலப் பெட்ரோல் பாட்டில் தொங்கியது. புகை போக ஒரு நீளக் குழாய் ஜன்னல் வழியே தோட்டத்துக்குப் போயிற்று. ரேடியேட்டருக்குப் பதிலாகத் தண்ணீர் வாளி. கடைசி வேலையாக, நெருப்புப் பொறி போகிற வயர்கள். நாலு பிஸ்டனும் ஒரே அச்சு என்பதால் எந்த சிலிண்டர் எத்தனையாவது என்ற பேச்சே அதுவரை எழவில்லை. எந்த சிலிண்டருக்கு முதலில் பொறி, எதற்கு அடுத்தது என்று முறை தப்பாமல் கோக்க, எண் தேவைப்பட்டது அன்றுதான்.

பல்லுக்காரர் தன் பக்கமிருந்து எஞ்சினைச் சுற்றி ஒன்றாம் பிஸ்டனை உச்சிக்கு ஏற்றினார். “ஒண்ணாவது நல்லா கடிச்சிருக்குடா. வயரைக் கோத்துக்க.”

“நூல் கோக்கறது எனக்கா சொல்லித் தரணும்?” என்று தையற்காரர் தன் பக்கமிருந்து, பொறி பாயவேண்டிய முறைப்படி ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று கோத்தார்.

சுவிட்சைத் திருகினார்கள். எஞ்சின் உறுமவில்லை. தும்மியது. ஒரு தும்மல், இரண்டு தும்மல், மூன்றாவது தும்மலில் கார்புரேட்டர் வாய் வழியே ஒரு முழ நீளத்துக்குத் தீ நாக்கு வெளியே வந்து ஜன்னல் திரையை நக்கியது. அந்தப் பெண் அலறவில்லை. ரேடியேட்டர் வாளியைத் தூக்கித் திரைமேல் வீசினாள். பாதித் தண்ணீர் திரைக்கு, மீதி கணவருக்கு.

சொட்டச் சொட்ட நின்றார் பல்லுக்காரர். மெல்லச் சொன்னார்: “வயரை மாத்திக் கோத்துட்டே.”

“நானா? நீதான் தப்பான பல்லைக் கடிக்க வெச்சிட்டே.”

“இருபத்தஞ்சு வருஷமா வாயைப் பாக்கறேன்டா! எனக்கு ஒண்ணாவது பல்லு தெரியாதா?”

“முப்பது வருஷமா நூல் கோக்கறேன்டா! எனக்கு வரிசை தெரியாதா?”

“காஜா போடற மாதிரி கோத்திருப்பே.”

“காஜாவா? என் காஜாவைப் பத்தியா பேசினே?”

அவ்வளவுதான். தையற்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். பலகையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். இடுப்புப் பையில் செருகி, ஒரு தட்டு தட்டினார். எத்தனையோ நாள் கேட்ட தட்டுதான். அன்று மட்டும் அது என் காதில் ஓர் உறவை மூடுகிற பெட்டியின் ஓசையாக விழுந்தது.

பிரிவு மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது! அந்த வாரம் பல்லுக்காரர் ஒரு வக்கீலுக்குச் செய்து கொடுத்த பல் செட் எதற்கெடுத்தாலும் சிரித்தது. தன் கட்சிக்காரருக்குத் தண்டனை கிடைத்தபோதும் சிரித்ததால் நீதிபதி வக்கீலைக் கண்டித்தார் என்று கேள்வி. அந்தப் பக்கம் தையற்காரர் ஒரு போலீஸ்காரரின் சட்டைக்கு வலது கையை இடதிலும் இடது கையை வலதிலும் வைத்துத் தைத்துவிட்டார். சல்யூட் அடித்தால் தொப்பிக்குப் பதிலாக முதுகுதான் எட்டியதாம். போலீஸ்காரர் புகார் சொல்ல வந்தவர், தையற்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆனால் பல்லுக்காரர் தன் ஸ்டூலில் போய் உட்காருவார். எதிர் ஸ்டூல் காலி. பெடலை மட்டும் மிதித்துக்கொண்டிருப்பார். ‘கிரீச்... கிரீச்...’ சுவர் தாண்டி எங்கள் வீடுவரை கேட்கும். முன்பெல்லாம் இரண்டு பெடல் சத்தம் ஒன்றையொன்று துரத்தும். இப்போது ஒன்று மட்டும் யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் அந்தப் பெண் பதறியடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, அவரே சொல்லிட்டார். ‘இரும்புக்காரரை வரச் சொல்லு, எடைக்குப் போட்டுடலாம்’னு. ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்னுட்டாங்க.”

“நல்லதுதானே? உனக்கு மேசை திரும்பி வந்துடுமே” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்கவேண்டும். “நான் சொன்னா அது கோபம். அவர் சொன்னா அது வேற. நேத்து சிரிச்சுக்கிட்டே வந்த ஆளைப் பாத்து, பல்லைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலக்கா அவர்!”

மறுநாள் காலை எரிந்த திரையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு தையற்கடைக்குப் போனாள். திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “‘அண்ணே, புதுத் திரை தைக்கணும், ஜன்னலை அளவெடுக்க வாங்க’ன்னேன். ‘ஜன்னலைக் கழட்டி எடுத்துட்டு வாம்மா, இங்கயே அளந்து தரேன்’னார். ‘சரிண்ணே, வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஸ்பேனரால கழட்டச் சொல்றேன்’னேன். ‘அவன் கழட்டினா சுவரும் வந்துடும், நானே வரேன்’னுட்டார்.”

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். என்னைச் சாட்சிக்கு அழைத்திருந்தாள். எஞ்சின்மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். முகம் மூடிய அந்த உருவத்தைப் பார்த்ததும் தையற்காரரின் கை தானாக நாடாவை இறுக்கிப் பிடித்தது. ஆனால் நேராக ஜன்னலுக்குத்தான் போனார். பல்லுக்காரர் சுவரில் எதையோ படிப்பதுபோல நின்றார். சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தையற்காரர் ஜன்னலை அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது முறை அளக்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“தங்கச்சி, நாளைக்கு இரும்புக்காரர் வராராமே? உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லு.”

“வராராம்னு சொல்லு” என்றார் பல்லுக்காரர் சுவரிடம்.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் தெளிவாயிடணும்னு சொல்லும்மா. ஒண்ணாம் நம்பர் வயரு ஒண்ணாம் நம்பருக்குத்தான் போயிருக்கு. அந்தப் பழியோட நான் வீட்டுக்குப் போக முடியாது.”

“ஒண்ணாம் நம்பர் எதுன்னு தெரிஞ்சாதானே கோக்க முடியும்னு சொல்லு.”

“தெரியாமத்தான் கோத்தேனாம்மா? எங்க, அவரைத் தொட்டுக் காட்டச் சொல்லு!”

“அவனை முதல்ல காட்டச் சொல்லு!”

“அய்யோ கடவுளே!” அந்தப் பெண் விரிப்பை உருவி எறிந்தாள். “ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துல போய் உக்காருங்க. உக்காருங்கன்னு சொன்னேன்! நான் மூணு எண்ணுவேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஒண்ணாம் நம்பர் மேல விரலை வைக்கணும். அக்கா பாத்துக்கிட்டு இருக்காங்க.”

எதிரெதிர் ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்கள். அவள் எண்ணினாள். இரண்டு விரல்கள் எழுந்தன.

ஒரு விரல் எஞ்சினின் இந்தக் கோடியில் விழுந்தது. இன்னொரு விரல் அந்தக் கோடியில் விழுந்தது.

கொக்கியில் தொங்கிய பாட்டில்கூட ஆடாமல் நின்றதாக எனக்கு ஞாபகம்.

“பேஷண்ட்டோட வலதுதானேடா?” என்றார் பல்லுக்காரர், குரலே இல்லாமல்.

“கஸ்டமரோட வலதுதான்டா” என்றார் தையற்காரர்.

“அது... என்னைப் பாத்துதானே உக்காந்திருக்கு?”

“உன்னையா? என்னைப் பாத்துடா!”

வாசகர்களே, இரண்டு வருடம்! இரண்டு வருடமாக அந்த எஞ்சின் தன்னைத்தான் பார்க்கிறது என்று இரண்டு பேரும் நம்பியிருக்கிறார்கள். தனக்கு முகத்தையும் நண்பனுக்கு முதுகையும் காட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் உள்ளூர நினைத்து, நண்பனுக்காக ஒரு துளி பரிதாபமும் பட்டிருக்கிறார்கள். அவர் ஒன்று என்றது இவருக்கு நான்கு. இவர் இரண்டு என்றது அவருக்கு மூன்று. இருவர் கணக்கும் தனித்தனியே சரி. இரண்டையும் சேர்த்துக் கோத்ததுதான் திரையைக் கொளுத்தியது.

அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். உள்ளே பாத்திரங்கள் சரிகிற சத்தமும் சிரிப்புச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

தையற்காரர் எழுந்தார். தன் ஸ்டூலைக் கையில் தூக்கிக்கொண்டு எஞ்சினைச் சுற்றி நடந்து வந்தார். பல்லுக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். இந்தப் பக்கம் ஒரே ஒரு பெடல்தான். அதில் இரண்டு கால்கள் பக்கத்தில் பக்கத்தில் ஏறின. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததற்கு அப்புறம் அவர்கள் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்தது காரில் போனபோது மட்டும்தான். அப்போது முன்னால் சவ வண்டி போய்க்கொண்டிருந்தது.

நாலு வயரையும் கழற்றி மாற்றினார்கள். அந்தப் பெண் தானாகவே வாளியோடு வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் காவல் நின்றாள்.

இந்த முறை தும்மல் இல்லை. ஒரு செருமல், ஓர் உலுக்கல், அப்புறம் அந்த வீடே ஒரு பெரிய சங்கை ஊதியதுபோல் எழுந்ததே ஓர் ஓசை! அலமாரியில் பல் செட்டுகள் அத்தனையும் கடகடவென்று கைதட்டின. மிஷின் பெடல்கள் யாரும் மிதிக்காமலே ஆடின. தோட்டத்துப் பக்கம் காய்ந்த துணிகள் குழாயின் மூச்சில் படபடத்தன. தையற்காரர் அழுதார். பல்லுக்காரர் அழவில்லை, வாயை முழுக்கத் திறந்து சிரித்தார். அன்றுதான் கவனித்தேன், ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற மனிதருக்கு முன் வரிசையில் ஒரு பல் இல்லை.

எஞ்சினை நிறுத்தினார்கள். தையற்காரர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“அப்ப... முடிஞ்சுதுன்னு வெச்சுக்கலாமாடா பல்லு? இனிமே தூக்கிக் கார்ல வைக்கறதுதான். அதுக்கு கிரேன்காரன் போதும்.”

அந்தக் கேள்வியைக் கேட்டதும், இரண்டு வருடம் கட்டிய எஞ்சினைப் பல்லுக்காரர் பயத்தோடு பார்த்தார். காதை அதன்மேல் வைத்தார். நெடுநேரம் கேட்டார். ஓடாத எஞ்சினில் என்ன கேட்கும்?

“மூணாவதுல லேசா ஒரு கரகரப்பு இருக்குடா.”

“எந்தப் பக்கத்து மூணு?”

“ரெண்டு பக்கத்து மூணுலயும்.”

“அப்ப திரும்பப் பிரிச்சுத்தான் பாக்கணும்” என்றார் தையற்காரர். வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு சொல்லி மாளாது.

“அதெல்லாம் அப்புறம். இரும்புக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன், போங்க” என்றாள் சமையலறையிலிருந்து அந்தப் பெண். எப்போது சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. இஸ்திரி மேசையில் நான்கு தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. நால்வரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

கிளம்பும் நேரம் வந்தது. தையற்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வழியனுப்ப எழுந்த பல்லுக்காரர் சட்டென்று நின்றார். எஞ்சின் பலகையில், அவர் பக்கத்தில், கத்திரிக்கோல் கிடந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு மெல்லப் பின்னால் நகர்ந்து, அதன் முன்னால் தன் அகன்ற முதுகை வைத்து மறைத்துக்கொண்டு நின்றார்.

வாசற்படியில் தையற்காரரின் கை வழக்கம்போல இடுப்புப் பைக்குப் போயிற்று. தட்டியது. வெறும் துணியின் சத்தம். கால் நின்றது. திரும்பிப் பார்த்தார், பலகையை மறைத்து நின்ற நண்பனின் அசட்டு முகத்தையும், பல் விழுந்த இடைவெளியையும் பார்த்தார். கையைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

“வரேன்டா” என்று படி இறங்கினார்.

பல்லுக்காரர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளையும் போட்டார்.